யார் சுட்டதுன்னு அந்தம்மா சொல்லவே இல்ல

போன வருஷம் காட்பாடில ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு வெளிய சேர் போட்டு உக்காந்து வெத்தல மென்னுட்டு இருக்கும்போது என் மச்சான் கேட்டான், "எல்லாப் படமும் ஃபோன்லயே கெடக்குது, அத எதுக்கு மச்சான் மாசாமாசம் ஹாலு வாடகை குடுத்து ஆள் சேத்து காட்டிக்கினு கீற?" கிண்டலா கேக்கல, நெஜமாவே புரியாமத்தான் கேட்டான். நானும் பெரிய திரைல பாத்தா அது வேற, சவுண்டு வேறன்னு ஏதோ சொன்னேன், அவனும் தலையாட்டிட்டு ஐஸ்கிரீம் வாங்க எழுந்து போயிட்டான். ஆனா ராத்திரி பாலாத்துப் பாலத்து மேல வண்டில திரும்பி வரும்போதே உறுத்த ஆரம்பிச்சிடுச்சு, ஏன்னா நான் சொன்னதுல ஒன்னு கூட உண்மை கெடையாது. எங்ககிட்ட இருக்கற திரைன்னா வெள்ளை பெயின்ட் அடிச்ச ஒரு பிளைவுட் பலகை. புரொஜெக்டர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, கறுப்பு எல்லாம் அதுல சாம்பல் கலராத்தான் தெரியும். மேல ரெண்டு ஃபேன் ஓடற சத்தத்துல பாதி வசனம் காதுல விழாது. அதே படத்த என் மச்சான் அவன் ஃபோன்ல ஹெட்செட் மாட்டிப் பாத்தா எங்களத விட எவ்ளோவோ சுத்தமா இருக்கும். அப்போ நாங்க எதுக்கு இத பண்றோம்? இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லன்றது அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது, அதுக்கப்பறம் ரொம்ப நாள் செருப்புக்குள்ள மாட்டின கல்லு மாதிரி அது கூடவே வந்துட்டு இருந்துச்சு.

நாங்கன்னா பெரிய சங்கம் எல்லாம் இல்ல. சத்துவாச்சாரில ஒரு டியூஷன் சென்டர் மாடி, மாசத்துல ரெண்டாவது சனிக்கெழம சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பழைய தமிழ்ப் படம். ஆரம்பிச்சப்போ ஏழு பேரு, இப்போ முப்பது முப்பத்தஞ்சு வருது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க, டெலிபோன் ஆபீஸ்ல ரிட்டயர் ஆன சார், ராணிப்பேட்டை தோல் கம்பெனில வேல செய்யற அண்ணன் தம்பி, ஒரு ஆட்டோ அண்ணன், மிச்சம் காலேஜ் பசங்க. ஏன் அவ்ளோ பழைய படமா போடறீங்கன்னு நெறைய பேர் கேக்கறாங்க, அதுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கு. நம்ம சட்டப்படி ஒரு படம் வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷத்துக்குத்தான் காப்புரிமை, அத தாண்டின படத்த தைரியமா போடலாம். எனக்கு டைரக்டர் மகேந்திரன் படமும் டைரக்டர் ருத்ரய்யா படமும் போடணும்னு தீராத ஆச, ஆனா எழுபதுகள்ல வந்த ஒரு படத்துக்கு இன்னைக்கு உரிமை யார் கையில இருக்குன்னு தேடிப் போனா ஒருத்தர் இன்னொருத்தர கைகாட்டுவார், அவர் வேற ஒருத்தர கைகாட்டுவார், அதுலயே ஆறு மாசம் ஓடிடும். அதனால இப்போதைக்கு அம்பதுகள், அறுபதுகளோட முன்பாதி. அதுலயே நாங்க தேடறது பொங்கலுக்கு டிவில வராத படங்கள, வந்தப்போ ஓடாத படங்கள, பேரு மட்டும் தெரிஞ்சு யாரும் பாக்காத படங்கள.

மச்சான் கேட்டத வெச்சு யோசிக்கும்போது பழைய ஃபிலிம் சொசைட்டிகள நெனச்சுப் பாப்பேன். 1947ல கல்கத்தால சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் ஆரம்பிச்சாங்க, மெட்ராஸ்ல 1957ல அம்மு சுவாமிநாதன் ஆரம்பிச்சாங்க. அவங்க யாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்காது. வெளிநாட்டுப் படம் ஒன்னு பாக்கணும்னா ரீல் பெட்டி எங்கிருந்தோ வரணும், அது வர்ற அன்னைக்கு நீங்க அங்க போய் உக்காந்தாத்தான் ஆச்சு, தப்பினா அவ்ளோதான், அடுத்து எப்போன்னு ஆண்டவனுக்கே தெரியும். பாக்கக் கெடைக்காததுதான் அவங்கள ஒன்னா உக்கார வெச்சுது. இப்போ எல்லாம் கெடைக்குது, ஒன்னா உக்காரத்தான் காரணம் இல்ல. எங்க பிரச்சினை அவங்களோடதுக்கு நேர் தலைகீழ், அதனால அவங்க வெச்சிருந்த பதில எடுத்து நாங்க ஒட்டிக்க முடியாது.

நம்ம ஊர்க்காரர் எடுத்த படம்

இந்தக் கேள்வி என்ன வேற ஒரு எடத்துல கொண்டு போய் விட்டுச்சு. தென்னிந்தியாவுல முதல் முதல்ல கதைப்படம் எடுத்த ஆர். நடராஜ முதலியார் நம்ம வேலூர்ல பொறந்தவர், 1885ல. மெட்ராஸ்ல கார், உதிரி பாகம் வியாபாரம் பண்ணிட்டு இருந்தவருக்கு சினிமா பைத்தியம் புடிச்சு, ஒரு வெள்ளைக்கார கேமராமேன்கிட்ட போய் தொழில் கத்துக்கிட்டு, கீழ்ப்பாக்கத்துல இந்தியா ஃபிலிம் கம்பெனின்னு ஒன்ன தொடங்கி, 1910களோட கடைசில கீசக வதம் எடுத்தார். ஊமைப்படம். ஃபிலிம் கழுவ இங்க லேப் சரியில்லன்னு பெங்களூருல லேப் வெச்சார். அப்பறம் மேல மேல சில படம் எடுத்தார், மகனும் போய், ஸ்டூடியோவும் போய், 1923 வாக்குல சினிமாவையே விட்டுட்டார். ஆனா மனுஷன் 1971 வரைக்கும் இருந்தார். அவர் எடுத்ததுல இன்னைக்கு ஒரு படம் கூட இல்ல. கோட்டை அகழி பக்கம் நடக்கும்போது, லாங்கு பஜார்ல சாமான் வாங்கும்போது எல்லாம் திடீர்னு நெனப்பு வரும், இந்த ஊர்ல பொறந்த ஒரு ஆள் தொடங்கி வெச்சதுதான் இவ்ளோ பெரிய தமிழ் சினிமா, அவர் ஆரம்பிச்ச படத்த பாக்க நமக்குக் கொடுப்பினை இல்லியேன்னு.

ஏன் போச்சுன்னா பல காரணம். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட், பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினாலும் அணையாது. பத்திக்காம தப்பிச்சது நம்ம ஊர் வெயில்ல தானா மக்கிப் பொடியாயிடும். அதையும் தாண்டி இருந்தா, கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல வெள்ளி இருக்குன்னு கிலோ கணக்குல வாங்கிக் கழுவி எடுத்துட்டாங்க. முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸ், 1931ல வந்தது, அதுவும் போயே போச்சு. பூனால ஆவணக் காப்பகம் வந்ததே 1964ல தான், அங்கயும் 2003ல நைட்ரேட் ரீல் வெச்சிருந்த கெடங்குல தீ விழுந்துச்சு. இதெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு எண்ணம் ஓடும். கீசக வதத்த பாத்தவங்கன்னு ஒரு கூட்டம் இருந்திருக்கும் இல்ல? கொட்டகைல உக்காந்து பாத்துட்டு வீட்டுக்கு வந்து, பீமன் எப்படி வந்தான், கீசகன் எப்படி விழுந்தான்னு திண்ணைல உக்காந்து சொல்லிருப்பாங்க இல்ல? அந்தப் பேச்சாவது எங்கயாவது மிஞ்சிருக்கக் கூடாதா? படம் எரிஞ்சது ஒரு நஷ்டம், அத வாயால சொல்லக்கூட ஒரு ஆள் இல்லாம போனது அத விடப் பெரிய நஷ்டம்னு எனக்குத் தோணும். இத அப்போ நான் என் மச்சான் கேள்வியோட முடிச்சுப் போடல. முடிச்சு தானா விழுந்தது மே மாசம்.

கரன்ட் போன ராத்திரி

மே மாசம் நாங்க போட்டது அந்த நாள். 1954ல ஏ.வி.எம். எடுத்தது, எஸ். பாலசந்தர் டைரக்ஷன். அவரு வீணை வித்வான், ஆனா படத்துல ஒரு பாட்டு கெடையாது, டான்ஸ் கெடையாது, சண்டை கெடையாது. தமிழ்ல பாட்டே இல்லாம வந்த முதல் படம் அதுதான், ஒரு சங்கீதக்காரர் கையாலதான் அது வரணும்னு இருந்திருக்கு. படம் ஆரம்பிச்ச உடனே துப்பாக்கி சத்தம், சிவாஜி நெஞ்ச புடிச்சுட்டு விழுந்து செத்துடுவார். ஹீரோ மொதல் காட்சிலயே காலி. அப்பறம் சி.ஐ.டி. ஆபீசரா ஜாவர் சீதாராமன் வருவார், படத்துக்கு எழுதினவரும் அவரே. வீட்டுல இருக்கறவங்க, பக்கத்து வீட்டுக்காரர்னு ஒவ்வொருத்தரா விசாரிப்பார், ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச கதைய சொல்லி இன்னொருத்தர கைகாட்டுவாங்க. அந்தக் காலத்து ஜனங்க பாட்டு எங்கன்னு தேடிருக்காங்க, படம் பெருசா ஓடல. மாருதி ராவ் கேமராவ பாத்தீங்கன்னா, வெளிச்சம் எங்க விழுது, நெழல் எங்க விழுதுன்றதே தனியா ஒரு கதை சொல்லும், எங்க பலகைலயே அது தெரிஞ்சுதுன்னா பாத்துக்கங்க.

அன்னைக்கு கத்திரி வெயில், சாயங்காலம் ஆறு மணிக்கும் மாடி தரை சுடுது. வழக்கமா படத்துக்கு முன்னாடி நான் ஒரு இருவது நிமிஷம் பேசுவேன், டைரக்டர் யாரு, படம் ஏன் முக்கியம், எந்தக் காட்சிய கவனிக்கணும்னு குறிப்பெல்லாம் எழுதிட்டு வந்து. அன்னைக்கும் ஆரம்பிச்சு, "இந்தப் படத்தோட முடிவுல ஒரு பெரிய..."ன்னு சொல்லும்போது மூணாவது வரிசைலேர்ந்து ஒரு கொரல், "போதும் நைனா, படத்த போடு." பேத்தி கூட வந்த ஒரு வயசான அம்மா. எனக்கு முகம் சுண்டிப் போச்சு, மைக்க வெச்சுட்டு படத்த போட்டுட்டேன்.

எல்லார் விசாரணையும் முடிஞ்சு ஆபீசர் முடிச்ச அவுக்கற எடம். வெளிய காத்து தூக்குச்சு, கோடை மழைக்கு முன்னாடி வருமே அந்தப் புழுதிக் காத்து, பட்டுன்னு தெரு முழுக்க இருட்டு. லேப்டாப் மட்டும் பேட்டரில எரியுது, புரொஜெக்டர் செத்துப் போச்சு. அஞ்சு நிமிஷத்துல வந்துடும்னு சொன்னேன், வரல. பத்தாச்சு, இருவதாச்சு. எழுந்து போவாங்கன்னு நெனச்சேன், ஒருத்தர் கூட அசையல. அப்போ ஒரு காலேஜ் பையன் ஃபோன எடுத்தான், படம் முழுசா அதுலதான் இருக்கு, ரெண்டு தட்டு தட்டினா யார் சுட்டதுன்னு தெரிஞ்சிடும். பக்கத்துல இருந்த பொண்ணு, அந்தம்மாவோட பேத்தி, அவன் ஃபோன் மேல கைய வெச்சு மூடி, "இருடா, கரன்ட் வரட்டும்"னுச்சு. ஃபோன் வெளிச்சம் அணைஞ்சு திரும்ப இருட்டாச்சு. நான் மாசக்கணக்கா தேடிட்டு இருந்தது அந்தக் கை மூடின நிமிஷத்துலதான் என் கண்ணு முன்னாடி வந்துது.

அப்பறம் நடந்தத எப்படி சொல்றது. ஆட்டோ அண்ணன் ஆரம்பிச்சார், தம்பிகாரன்தான் சுட்டிருப்பான், சொத்து வெவகாரம்னா கூடப் பொறந்ததாவது ஒன்னாவதுன்னு. அதுக்கு தோல் கம்பெனி அண்ணன் தம்பில தம்பி கோச்சுக்கிட்டான், எல்லாத் தம்பியும் அப்படி இல்லன்னான். நர்ஸ் அக்கா வெடி சத்தம் கேட்டதுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்கு ஓடினதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு கணக்குப் போட்டு அவர் மேலயே சந்தேகத்த திருப்பினாங்க. படத்துல செத்துப் போறவரு ரேடியோ என்ஜினியர், அதனால டெலிபோன் சார் வயர்லெஸ் எப்படி வேல செய்யும்னு இருட்டுல கைய ஆட்டி ஆட்டி ஒரு கிளாஸே எடுத்தார், படத்துல கதை நடக்கற அந்த யுத்த காலத்துல, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து மெட்ராஸ் ஜனங்க ஊரக் காலி பண்ணிட்டு நம்ம பக்கமெல்லாம் வந்து தங்கினத அவங்க அப்பா சொல்லுவாராம், அதுவும் வந்துச்சு. ரெண்டு வருஷமா வர்றாங்க இவங்க, படம் முடிஞ்சா "நல்லாருந்துச்சு சார்"னு சொல்லிட்டு செருப்ப தேடுவாங்க, கலந்துரையாடல்னு நான் போர்டுல எழுதிப் போட்டும் வாயத் தெறந்ததில்ல. அன்னைக்கு முப்பது பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க.

கொட்டாய்க்குப் போற வழியில

பேச்சு நடக்கும்போதே எல்லாருக்கும் ஒரு விஷயம் புரிஞ்சுது, அந்தம்மா மட்டும் எதுவும் பேசல. பேத்தி கேட்டுது, "ஆயா, நீ பாத்த படம்தானே, சொல்லேன்." சிரிச்சாங்க போல, இருட்டுல தெரியல. "தெரியும். சொல்ல மாட்டேன்." பசங்க எல்லாம் கெஞ்சறாங்க, ஆயா ஆயான்னு, ம்ஹூம். அப்பறம் அவங்களே சொன்னாங்க. "எனக்கு பதிமூணு வயசு. குடியாத்தம் பக்கத்துல எங்க ஊரு. கொட்டாய்ல இந்தப் படம் திரும்ப வந்துது. எங்கண்ணன் மொத நாளே பாத்துட்டான். மறுநாளு நாங்கல்லாம் வண்டி கட்டிக்கினு போவச்சொல்ல, பாதி வழில, எனக்குத் தெரியுமே இவங்கதான் சுட்டாங்கன்னு சொல்ட்டான். நான் அழுதுக்கினே போயி அழுதுக்கினே பாத்தேன். எல்லாரும் யாரு யாருன்னு தவிக்கறாங்க, எனக்கு மட்டும் தெரியுது. அத மாதிரி ஒரு தண்டனை உண்டா நைனா? அறுவது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அவன் மேல அந்தக் கோவம் கீது எனக்கு."

நான் பேச ஆரம்பிச்சதும் ஏன் போதும்னாங்கன்னு அப்பதான் எனக்கு ஒறைச்சுது. நானும் அவங்க அண்ணன் பண்ணின வேலையத்தான் மாசாமாசம் மைக் புடிச்சு பண்ணிட்டு இருந்திருக்கேன்.

கொட்டாய பத்தி இன்னும் சொன்னாங்க. அங்க ஒரே மிஷின்தான், ரீல் முடிஞ்சா லைட்ட போட்டு மாத்துவான், ஒரு படத்துக்கு மூணு தபா நாலு தபா. அந்த நேரத்துல முறுக்கு விப்பான், கலர் விப்பான், மண்ணக் குவிச்சு மேடு பண்ணி உக்காந்திருக்கற பொம்பளைங்க எல்லாம் கதைய பேசித் தீத்துடுவாங்க. இவன் ஏமாத்திட்டான், அவ பாவம், அடுத்து இது நடக்கும் பாருன்னு. "படம் பாக்கறது பாதி, அந்தப் பேச்சு பாதி. இப்போ பேசினா உஸ்ஸுன்றீங்க"ன்னாங்க. டவுன் தியேட்டர்ல ரெண்டு மிஷின் வெச்சு ரீல் மாறறதே தெரியாம ஓட்டினத முன்னேற்றம்னுதான் நான் இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன். கொட்டாய்ல அந்தக் கொறையே ஒரு வரமா இருந்திருக்கு.

எட்டே முக்காலுக்கு கரன்ட் போச்சு, வந்தப்போ ஒம்பதே முக்கால். மிச்சப் படத்த போட்டேன். அந்தக் கடைசி நிமிஷங்கள்ல ஒருத்தர் மூச்சு விடற சத்தம் கூட கேக்கல, ஃபேன் சத்தம் கூட யாருக்கும் கேட்டிருக்காது. யார் சுட்டதுன்னு தெரிஞ்ச நொடி பேத்தி ரெண்டு கையாலயும் வாய பொத்திக்கிச்சு. நான் திரும்பி அந்தம்மாவ பாத்தேன். அவங்க திரைய பாக்கவே இல்ல, பேத்தி முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. பதிமூணு வயசுல அவங்களுக்குக் கெடைக்காம போன அந்த நொடி அங்கதான் இருந்துச்சு. யார் சுட்டதுன்னு நானும் இங்க எழுதப் போறதில்ல.

அதுக்கப்பறம் எங்க கூட்டத்துல ரெண்டு மாத்தம். என் முன்னுரைய விட்டுட்டேன், படத்தோட பேர், வருஷம், எடுத்தவர் பேர், அதோட சரி. ரெண்டாவது, படத்த ரெண்டு எடத்துல நிறுத்தி லைட்ட போடறோம், பத்து நிமிஷம். எங்க நிறுத்தறதுன்னு முன்னாடியே நானும் நர்ஸ் அக்காவும் படத்த ஓட்டிப் பாத்து முடிவு பண்றோம், எந்த எடத்துல விட்டா ஜனங்களுக்கு பேசாம இருக்க முடியாதோ அந்த எடத்துல. சினிமாவ மதிக்கறவங்க இப்படி வெட்டி வெட்டி காட்டலாமான்னு சென்னைலேர்ந்து வந்த ஒரு நண்பர் ரொம்ப வருத்தப்பட்டார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, எல்லாப் படமும் இத தாங்காது, சில படத்த நிறுத்தாம ஓட்டியும் இருக்கோம். ஆனா தாங்கற படங்கள நிறுத்திக் காட்டினதுக்கு அப்பறம், செவ்வாக்கெழம காய்கறி வாங்கற எடத்துல, ஆட்டோ ஸ்டாண்டுல, எங்க படத்த பத்தி பேச்சு வருது. ஆட்டோ அண்ணன் அந்த நாள் கதைய சவாரிக்கு வந்தவங்களுக்கு சொல்றாராம், முடிவ மட்டும் விட்டுட்டு. நடராஜ முதலியார் படத்துக்கு இப்படி ஒரு ஆட்டோ அண்ணன் இருந்து, அவர் மகன் இருந்து, பேரன் இருந்து வழிவழியா சொல்லிருந்தா, நம்ம கைல ஒரு துண்டாவது இருந்திருக்கும்னு எனக்கு இன்னமும் ஆறல. என் மச்சான இன்னும் படத்துக்கு வர வெக்க முடியல, கரன்ட் போன கதைய மட்டும் சொன்னேன், ரொம்ப நேரம் கேட்டுட்டு, "செரி, யாருதான் சுட்டது?"ன்னான். ரெண்டாவது சனிக்கெழம வான்னுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி படி எறங்கும்போது நடந்ததையும் சொல்லிடறேன். மணி பத்தரைக்கு மேல இருக்கும். அந்தம்மா ரெண்டாவது படில உக்காந்துட்டு பேத்திகிட்ட, "ஆரணிக்கு போன போடு, மாமாகிட்ட பேசணும்"னாங்க. இந்நேரத்துக்கான்னு பேத்தி கேட்டும் விடல. அவருக்கு காது கொஞ்சம் மந்தம்னு ஸ்பீக்கர்ல போட்டுது. "ண்ணா, நாந்தான். படம் பாத்தேண்ணா, அந்த நாளு. நடுவுல கரன்ட் பூடுச்சு. ஒரு மணி நேரம் கொழந்தைங்க கெஞ்சிச்சிங்க, நான் சொல்லவே இல்ல தெரியுமா? ஒன்ன மாதிரியா நானு?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்னும் இல்ல. அப்பறம் படி முழுக்க எதிரொலிக்கற மாதிரி அந்தப் பெரியவர் கொரல், "அட, அந்தப் படமா! அதுல சுட்டது வந்து..." அந்தம்மா பேத்தி கையிலேர்ந்து ஃபோன புடுங்கி கட் பண்ணிட்டாங்க. கீழ கதவ பூட்ட சாவியோட நின்னுட்டு இருந்த வாட்ச்மேன் பக்கம் கைய காட்டி, "அவரு இன்னும் பாக்கலியே"ன்னாங்க.